குழந்தையின் உயரத்தில் ஒரு பிறந்தநாள்

அழைப்பிதழில் மாலை ஆறரை மணி என்று போட்டிருக்கும். ஹால் நிரம்ப ஏழரை ஆகிவிடும். மேடையில் பலூன் வளைவு, அதன் நடுவே விளக்கில் ஒளிரும் '1'. எம்சி மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். ஸ்பீக்கர் அதிர்கிறது, புகை கிளம்புகிறது, ஆறடி உயர மிக்கி மவுஸ் கைகளை விரித்துக்கொண்டு மேடையேறுகிறது. அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை முதலில் அப்படியே உறைந்துபோகிறது. கண் விரிய, மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. அடுத்த நொடி வீறிட்டு அழுதபடி அம்மாவின் சேலையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு முகத்தை அவள் கழுத்தில் புதைக்கிறது. "ஏன்டா தங்கம் பயப்படுற, மிக்கிடா, டிவியில பார்ப்பியே" என்று சித்தியோ அத்தையோ குழந்தையைப் பிரித்து எடுத்து, அந்தப் பஞ்சுக் கைகளை நோக்கி நீட்டுகிறார். போட்டோகிராபர் தயாராக இருக்கிறார்.

இதைப் பார்க்காத ஊர் இன்று தமிழ்நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. "ஆள் பழக்கமே இல்லை, அதான்" என்று அழுகைக்கு ஒரு காரணமும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தக் குழந்தையிடம் குறை ஒன்றுமில்லை. ஒரு வயதில் மூளை எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படித்தான் செய்கிறது. குழந்தை எதைக் கண்டு சிரிக்கும், எதைக் கண்டு மிரளும், எந்த வயதில் எந்த விளையாட்டு அதற்குப் பிடிபடும் என்பதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பொறுமையாகக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஹால் பிடிக்கும்போதுதான் அது நம் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது: முதல் மூன்று வயதில் குழந்தைக்குக் கொண்டாட்டம் என்பது, தெரிந்த ஒருவரோடு, தன் கையால், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான். நாம் காசு கொடுத்து ஏற்பாடு செய்பவை பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானவை.

முதலில் அந்த மிக்கியையே எடுத்துக்கொள்வோம்.

குழந்தை பிறந்து ஏழெட்டு மாதம் வரை யார் தூக்கினாலும் போகும், யார் சிரித்தாலும் சிரிக்கும். எட்டு மாதத்தை ஒட்டி ஒரு மாற்றம் வரும். தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற பிரிவு மனதில் உறுதிப்பட்டு, தெரியாத முகம் நெருங்கினால் அழுகை வரும். ரெனே ஸ்பிட்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதற்கு 'எட்டாம் மாதப் பதற்றம்' என்றே பெயர் வைத்தார். இந்த அச்சம் ஒரு வயதை ஒட்டிய மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு இரண்டு வயதுவாக்கில் மெல்லத் தணியும். அதாவது, அந்நியரைக் கண்டு குழந்தை அதிகம் மிரளும் காலத்தில், இருநூறு அந்நியர்களை ஒரே கூரையின் கீழ்க் கூட்டி, ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சச் சொல்கிறோம்.

முகமூடி இந்த அச்சத்தை இன்னும் கூட்டும். 1970இல் சாண்ட்ரா ஸ்கார், பிலிப் சலாபடெக் என்ற இருவர், இரண்டு மாதம் முதல் 23 மாதம் வரையான குழந்தைகள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று சோதித்தார்கள். அந்நியர், திடீரென்று எகிறும் பெட்டிப் பொம்மை, தானே நகரும் பொம்மை நாய், பெரிய சத்தம், முகமூடி எல்லாம் அவர்கள் பட்டியலில் இருந்தன. நம் பார்ட்டி ஹால் நிகழ்ச்சி நிரலோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்திப்போகும். குழந்தை எப்போதும் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறது. கண் எங்கே பார்க்கிறது, வாய் எப்படி அசைகிறது, புருவம் ஏறுகிறதா என்பதிலிருந்துதான் எதிரில் இருப்பவரின் எண்ணத்தை அது கணிக்கிறது. வேஷக்காரரின் முகம் அசைவதில்லை, கண் இமைப்பதில்லை. வாய் மூடியிருக்கும்போதே எங்கிருந்தோ குரல் வருகிறது. உருவமோ அப்பாவைவிடப் பெரிது. படிப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

ஆனால் முகமூடி என்றாலே குழந்தைக்குப் பயம் என்று முடிவுகட்டிவிட முடியாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ஸ்ரூஃப் குழுவினர் பத்து மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். வீட்டில், அம்மா தானே முகமூடி போட்டுக்கொண்டு நெருங்கியபோது குழந்தைகள் சிரித்தார்கள். அந்நியர் முகமூடியோடு வந்தபோது பல குழந்தைகள் பதறினார்கள். முகமூடி ஒன்றுதான், அதைப் போட்டுக்கொண்டவரும் இடமும்தான் மாறின. குழந்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கதவின் இரண்டு பக்கம். எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அருகில் இருக்கும் ஆள் முடிவு செய்கிறார்.

அந்த ஆளின் முகத்துக்கு எவ்வளவு சக்தி என்பதை 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஜேம்ஸ் சோர்ஸ், ராபர்ட் எம்டே, ஜோசப் கேம்போஸ், மேரி கிளினர்ட் நால்வரும் சேர்ந்து செய்தது. ஒரு வயதுக் குழந்தையைக் கண்ணாடி பதித்த மேசைமேல் தவழவிட்டார்கள். பாதி தூரம் போனதும் கண்ணாடிக்குக் கீழே தரை ஓர் அடி பள்ளமாக இறங்குவது தெரியும். கண்ணாடி தாங்கும், குழந்தை விழாது. ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நின்று, எதிர்ப்பக்கம் இருக்கும் அம்மாவை நிமிர்ந்து பார்க்கும். அம்மா மகிழ்ச்சியான முகம் காட்டிய 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டிய 17 குழந்தைகளில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பார்ட்டி ஹாலில் அந்த அம்மாவின் முகம் என்னவாக இருக்கிறது என்பதுதான் என் கவலை. காலை முதல் நிற்கிறாள். கனத்த பட்டுச்சேலை. கேட்டரிங்காரர் அழைக்கிறார், மாமியார் வழி உறவினர் வந்திறங்குகிறார்கள், கேக் இன்னும் வரவில்லை. குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது அந்த முகத்தில் கிடைப்பது பதற்றம் மட்டும்தான். ஆகவே எந்தக் கேளிக்கையை ஏற்பாடு செய்வது என்று யோசிக்கும் முன், குழந்தையை வைத்திருக்கப்போகிறவர் அன்று எந்த வேலையும் இல்லாமல் நிதானமாக இருக்க வழி செய்ய வேண்டும். மற்ற ஏற்பாடுகளெல்லாம் இதற்குப் பிறகுதான். மிக்கி வந்தே ஆக வேண்டும் என்றால், தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் தரையில் உட்காரட்டும். அம்மா போய்த் தொட்டுப் பேசட்டும். குழந்தை தானாக எட்டிப் பார்த்தால் அதன் கண்முன்னேயே தலையை மாட்டிக் கழற்றிக் காட்டலாம். பார்க்கவில்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

நம் வீடுகளில் ஆயுஷ்ஹோமமும், மொட்டையடித்துக் காது குத்தும் சடங்கும் எப்படி நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் காலை வேளை. குழந்தை மேடையில் தனியாக நிற்பதில்லை. பெற்றோர் மடியிலோ தாய்மாமன் மடியிலோ உட்கார்ந்திருக்கிறது. சடங்கின் மற்ற அம்சங்களைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கட்டும். குழந்தை விழித்துத் தெளிவாக இருக்கும் நேரம், பழகிய மடி என்ற இரண்டும் அதில் சரியாக அமைந்துவிட்டன.

சரி, ஒரு வயதில் எதுதான் குழந்தையைச் சிரிக்க வைக்கும்?

பாட்டிகள் செய்யும் பருப்புக் கடையும் விளையாட்டை எல்லோரும் பார்த்திருப்போம். பாட்டி குழந்தையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையால் அதில் பருப்புக் கடைகிறாள். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக மடக்கி ஊட்டுகிறாள். பிறகு இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து நடக்கத் தொடங்குகின்றன. மெல்ல, மிக மெல்ல, முழங்கை தாண்டி மேலே ஏறுகின்றன. அக்குளை எட்டியதும் கிச்சுகிச்சு. முதல் முறை குழந்தை அக்குளைத் தொட்ட பிறகு சிரிக்கிறது. நாலாவது முறை, விரல்கள் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு, மூச்சடக்கி, பாட்டியின் கண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. இன்னும் யாரும் கிச்சுகிச்சு மூட்டவே இல்லை. அடுத்து என்ன வரும் என்று தனக்குத் தெரிந்துவிட்ட மகிழ்ச்சி அது. பாட்டி கொஞ்சம் நிறுத்தினால், குழந்தை தன் கையைத் தானே நீட்டுகிறது.

'அடுத்து என்ன' என்ற கணிப்புதான் இந்த வயதின் பெரிய கேளிக்கை. முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை வைத்து ஜெரால்ட் பேரட், ஹென்றி கிளைட்மன் 1989இல் ஒரு சோதனை செய்தார்கள். மறைந்தவரே அதே இடத்தில் திரும்பத் தோன்றினால் குழந்தைகள் சிரித்தார்கள். மறைந்தவர் ஒருவர், தோன்றியவர் இன்னொருவர் என்றால், அல்லது வேறு இடத்தில் தோன்றினால், ஏழெட்டு மாதக் குழந்தைகளின் சிரிப்பு குறைந்துபோனது. பெரியவர்களுக்குத் திருப்பம் வேண்டும். குழந்தைக்கு அதன் எதிர்பார்ப்பு பலிக்க வேண்டும். பத்து ஐட்டம் கொண்ட நிகழ்ச்சி நிரலில் எதுவும் இரண்டாவது முறை வராது என்பதால், குழந்தைக்கு அதில் எதையும் கணிக்க வாய்ப்பில்லை. ஒரே விளையாட்டு பத்து முறை என்றால் அது பெரிய விருந்து.

எதிர்பாராத ஒன்று நடந்தால் குழந்தை அதை எப்போதுமே வெறுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 2015இல் வெளியிட்ட ஆய்வை நான் யாரிடமும் ஆசையாகச் சொல்வேன். பதினோரு மாதக் குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன மாயங்களைக் காட்டினார்கள். ஒரு பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல ஒரு காட்சி. ஒரு பொம்மை கார் தாங்கல் எதுவுமின்றி அந்தரத்தில் நிற்பதுபோல இன்னொன்று. பிறகு அந்தப் பொம்மையைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டார்கள். சுவரை ஊடுருவிய பந்தைக் குழந்தைகள் மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். உண்மையிலேயே கெட்டிதானா என்று. அந்தரத்தில் நின்ற காரைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், விழுகிறதா என்று. பேச்சு வராத வயதில் விஞ்ஞானியின் வேலை! ஆனால் மாயம் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது, அமைதியாக நடந்தது, பிறகு பொருளும் கைக்கு வந்தது. இருபதடி தூர மேடையில் தொப்பிக்குள்ளிருந்து வரும் புறாவில் இந்த மூன்றும் இல்லை.

கைக்கு வருவது என்பது சாதாரண விஷயமில்லை. கரோலின் ரோவி-காலியர் 1960களின் கடைசியில் தொட்டில்மேல் தொங்கும் பொம்மையோடு ஒரு ரிப்பனை இணைத்து, மறுமுனையைக் கைக்குழந்தையின் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மூன்று மாதக் குழந்தைகள்கூடச் சில நிமிடங்களில் இதைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக உதைத்தன. 'நான் செய்தேன், அது நடந்தது' என்பதற்கு ஈடான பொம்மை கடையில் கிடையாது.

இந்த அறிவை வைத்துக்கொண்டு முதல் பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம்? வெயில் ஏறுவதற்கு முன், மொட்டைமாடி நிழலிலோ வாசலிலோ ஒரு பாய். அகலமான பேசினில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர், வடிகட்டி, கரண்டி, ஒரு பிளாஸ்டிக் குவளை. குழந்தை டம்ளரில் மொண்டு ஊற்றும். சத்தத்தைக் கேட்கும். வடிகட்டியில் மொள்ளும், தண்ணீர் நிற்காது. வடிகட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மொள்ளும். கொஞ்சம் தண்ணீரிலும் மூழ்கும் ஆபத்து இந்த வயதில் உண்டு என்பதால் கைநீட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சோப்புக் குமிழி இன்னொன்று. மெதுவாக மிதப்பதால் இந்த வயதுக் கண் அதைத் தொடர முடியும். தொட்டால் மறைவதால் தன் விரலின் வேலை தெரியும். ஊதுபவர் அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் குழந்தை குமிழியையும் பார்க்கும், அவர் கன்னம் உப்புவதையும் பார்க்கும். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் மீதி நேரம் அதற்குள் போய்விடும். வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். யாரும் தூக்க வேண்டாம். குழந்தையே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஈரக் கரண்டியை அவரிடம் நீட்டும்.

பாட்டு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். மார்செல் செண்ட்னரும் துவோமாஸ் ஈரோலாவும் 2010இல் ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கு இசையையும் பேச்சையும் போட்டுக் காட்டினார்கள். இசைக்கும் தாளத்துக்கும் குழந்தைகள் உடலை அசைத்தார்கள். பேச்சுக்கு அவ்வளவு அசையவில்லை. அசைவு தாளத்தோடு பொருந்தப் பொருந்தச் சிரிப்பும் கூடியது. லைப்சிக் நகரில் செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமசெல்லோ 2009இல் செய்த ஆய்வு இதற்கு அடுத்த படி. இரண்டரை வயதுக் குழந்தைகள், முரசு தட்டும் இயந்திரத்தோடு சேர்ந்து தட்டியதைவிட, எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டியபோது தாளத்தை நன்றாகப் பிடித்தார்கள். டிஜேக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கஞ்சிராவும் கிலுகிலுப்பையும் இரண்டு சின்ன டோலக்கும் வாங்கிவிடலாம். தாத்தா தொடையில் தாளம் போட்டாலே போதும்.

டிஜே சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு, வளர்ந்தவருக்கே 85 டெசிபல் சத்தம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மேடையமைத்து, அதன்மேல் குழந்தையை ஒரு மணி நேரம் வைத்திருக்கிறோம். ஒரு வயதுக் குழந்தையின் காதுக்குழாய் சிறியது. உச்ச ஸ்தாயி ஒலிகளை அது நம் காதைவிடக் கூடுதலாகப் பெருக்கும். நமக்குக் காது 'கொய்' என்கிறது என்றால் குழந்தைக்கு என்னவாக இருக்கும் என்பதை அதற்குச் சொல்லவும் தெரியாது. பலூன் உடைப்பதும் அப்படித்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பில் ஹாட்ஜெட்ஸ், டிலன் ஸ்காட் இருவரும் அளந்தபோது, வெடிக்கும்வரை ஊதிய பலூனின் ஓசை உச்சத்தில் 168 டெசிபலைத் தொட்டது. திடீர் ஓசைக்குக் குழந்தைகளுக்கான உச்ச வரம்பு 120 என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேக் வெட்டியதும் தலைக்குமேல் பெரிய பலூனைக் குத்தி ஜிகினா கொட்ட வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பலூனில் இன்னொரு ஆபத்து, சத்தமே இல்லாதது. உடைந்த ரப்பர்த் துண்டை வாயில் வைத்து இழுக்கும் குழந்தைக்கு அது தொண்டைக்குள் போனால், தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டிக் காற்று போகும் வழியை முழுதாக அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் ஊதாத பலூனோ உடைந்த பலூனோ இருக்கக் கூடாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அலங்காரம் வேண்டுமென்றால் காகிதத் தோரணம் கட்டலாம். மாவிலைத் தோரணத்துக்கும் குறைவில்லை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் மெழுகுவர்த்திக்கு அருகில் வரவே கூடாது, ஸ்நோ ஸ்ப்ரேயும் கூடாது. அந்த ஸ்ப்ரேயை வெளித்தள்ளும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது.

நேரத்துக்கு வருவோம். ஒன்றிரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இரவு எட்டரைக்குக் கேக் வெட்டும் நிகழ்ச்சி அந்தக் கணக்கில் எங்கே வரும்? மாலையில் தெம்பாக இருக்கட்டும் என்று மதியம் தூங்க வைக்க நினைத்தாலும், மேக்கப், உடை, பயணம் என்று அதுவும் போய்விடுகிறது. ஒரே ஒரு பகல் தூக்கம் தவறினால் என்னாகும் என்று 2012இல் ரெபெக்கா பெர்கர், மொனீக் லெபூர்ஷ்வா உள்ளிட்டோர் பார்த்தார்கள். இரண்டரை முதல் மூன்று வயதுக்குள்ளான பத்துக் குழந்தைகள், சிறிய ஆய்வுதான். தூங்காத நாளில், தங்களால் சேர்க்க முடிந்த புதிருக்குக் குழந்தைகள் காட்டிய மகிழ்ச்சி 34 சதவீதம் குறைந்தது. சேர்க்க முடியாத புதிருக்கு வந்த எரிச்சலும் வருத்தமும் 31 சதவீதம் கூடின. அழுகை கூடுவதை எந்தத் தாயும் அறிவாள். மகிழ்ச்சி குறைகிறது என்பதுதான் நம் கவனத்தில் படாதது. தூக்கம் கலைந்த குழந்தைக்கு நாம் செய்த ஏற்பாட்டை அனுபவிக்கும் திறனே குறைந்துபோகிறது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், அவ்வளவே போதும். உறவுக்காரர்களுக்கு மாலை விருந்து வேண்டுமென்றால் தனியாக வைக்கலாம். குழந்தை அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் பாட்டியோடு தூங்கப் போகட்டும்.

இரண்டாவது பிறந்தநாளில் வேறொரு சிக்கல் வருகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்திருப்போம். எல்லோரும் சேர்ந்து விளையாடுவார்கள் என்று நினைப்போம். அவர்களோ ஆளுக்கொரு மூலையில், அல்லது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே மாதிரி விளையாடிக்கொண்டிருப்பார்கள். மினசோட்டாவின் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளைக் கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதைப் பதிவு செய்து, 'இணை விளையாட்டு' என்று பெயரிட்டார். கூடி விளையாடுவது மூன்று நான்கு வயதில்தான் வலுப்பெறுகிறது. இரண்டு வயதுப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துப் போட்டி நடத்துவதும், "ஷேர் பண்ணு" என்று கையிலிருப்பதைப் பிடுங்கிக் கொடுப்பதும் அவர்களால் இன்னும் முடியாததைக் கேட்பது. ஒரே மாதிரி வாளி ஆறு, ஒரே மாதிரி கரண்டி ஆறு, நடுவில் ஒரு மணல் குவியல். சண்டை பாதி குறையும்.

பொம்மை நிறைய இருந்தால் நல்லது என்பதும் நாமாக நினைத்துக்கொள்வதுதான். டொலீடோ பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நாலு பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். வந்த பரிசுகளை அன்றே பிரித்துக் குவிக்க வேண்டாம். பீரோவில் வைத்து வாரம் ஒன்றாக எடுத்தால் மூன்று மாதத்துக்கு வரும்.

இந்த வயதின் அருமையான கேளிக்கை நிலைக்கண்ணாடி. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம், குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடிமுன் விட்டார். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள்தான் குழந்தை கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொடுகிறது. அதில் தெரிவது தான்தான் என்று அப்போதுதான் பிடிபடுகிறது. போட்டோ பூத்துக்குப் பதில் தரையோடு சாய்த்துப் பத்திரமாகக் கட்டிய ஒரு பெரிய கண்ணாடி, பக்கத்தில் தொப்பி, துண்டு, குங்குமப் பொட்டு. அந்த வயதில் தன்னைத் தானே புதிதாகச் சந்திக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

ஹாலுக்கு வெளியே காற்றடைத்த ஜம்பிங் கேசில் நிற்கும். அங்கே இயற்பியல்தான் எதிரி. கனமான பெரிய பிள்ளை குதித்து இறங்கும்போது அழுந்திய தளம், அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையின் காலுக்குத் திருப்பிவிடும். முழங்காலுக்குக் கீழே எலும்பு கீறல் விடுவது இப்படித்தான். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இவை வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வர இரண்டரை வயதுக்கு மேலாகும். ஆகவே முழு வேர்க்கடலை, முந்திரி, முழுத் திராட்சை, பாப்கார்ன், கடின மிட்டாய் எதுவும் சின்னப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. நாலு வயது வரை இந்தக் கவனம் வேண்டும். அடுத்து, கேக் தின்றதால்தான் பிள்ளைகள் ஆட்டம் போடுகிறார்கள் என்ற பேச்சு. 1994இல் டேனியல் ஹூவரும் ரிச்சர்ட் மிலிச்சும் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர்களுக்குச் சர்க்கரை இல்லாத பானத்தையே கொடுத்து, சில அம்மாக்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த அம்மாக்களின் கண்ணுக்குத் தங்கள் மகன் அதிகம் துறுதுறுப்பதாகத் தெரிந்தது. ஆட்டத்துக்குக் காரணம் கூட்டமும் சத்தமும் தூக்கமின்மையும்தான். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமலிருப்பது நல்லது என்பதற்குப் பல், ருசிப் பழக்கம், உடல்நலம் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன.

மூன்றாவது பிறந்தநாளில் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது, யாருக்கு அழைப்பு வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. அதனால் விதிமுறை உள்ள விளையாட்டுகளும் வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். உளவியலாளர் ஃபிலிப் செலாசோவின் சீட்டுச் சோதனை இந்த இடத்தில் உதவும். சீட்டுகளை நிறப்படி பிரிக்கச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளை சரியாகப் பிரிக்கும். "இப்போ நிறம் வேண்டாம், உருவப்படி பிரி" என்றால், புதிய விதியை வாயால் சரியாகச் சொல்லும். கையோ பழையபடி நிறப்படியே பிரிக்கும். பழகியதைச் செய்யாமல் நிறுத்தும் சக்தி நாலைந்து வயதில்தான் வருகிறது. மியூசிக்கல் சேரில் பாட்டு நின்றதும் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், தோற்றால் சிரித்தபடி வெளியேற வேண்டும். மூன்று வயதுக்கு மூன்றுமே பெரிய மலை. நாற்காலியை எடுக்காமலே விளையாடலாம்: பாட்டு நின்றதும் எல்லோரும் உட்காரலாம், எல்லோரும் கைதட்டலாம். பாவனை விளையாட்டு இந்த வயதில் உச்சத்துக்கு ஏறுகிறது. இட்லிக் கடை வைத்தால் ஒருவர் கல்லாவில் உட்காருவார், ஒருவர் பரிமாறுவார், ஒருவர் வெறுமனே தின்றுகொண்டே இருப்பார். தோற்றவர் என்று யாரும் இருக்க மாட்டார்.

பிறந்தநாள் என்பதை இந்தப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது தெரிந்தால் நாம் இன்னும் கவனமாக இருப்போம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் ஊலியும் அமாண்டா ரோட்ஸும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கதை சொல்லிக் கேட்டார்கள். விழா நடக்காத பிள்ளைக்கு என்ன வயது? இரண்டு விழா நடந்த பிள்ளைக்கு என்ன வயது? சிறிய பிள்ளைகளில் பலர், விழாதான் வயதைக் கூட்டுகிறது என்று நம்பினார்கள். அவர்களுக்குக் கேக் வெட்டுவது அவ்வளவு பெரிய காரியம். அதை, பிள்ளை அழுது களைத்த பிறகு, வீடியோகிராபருக்காக மூன்று முறை ஊதச் சொல்லி நடத்துவது நியாயமில்லை. பிள்ளை தெளிவாக இருக்கும்போது, நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, மேசையைச் சுற்றி வீட்டார் மட்டும் நின்று வெட்டிவிடலாம்.

மேஜிக் ஷோவுக்கும் காலம் வரும். தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒருவரை நம்பவைத்து ஏமாற்றலாம் என்பதெல்லாம் நாலு வயதைக் கடக்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது என்பதை ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் தொடங்கிவைத்த சோதனைகள் காட்டின. மந்திரவாதி கையை மூடும்போது மறைக்கிறார் என்று சந்தேகிக்கத் தெரிந்தவருக்குத்தான் மந்திரம் இனிக்கும். ஐந்தாவது பிறந்தநாளில் அதே மேடை, அதே தொப்பி, அதே புறா போதும். முன்வரிசையில் உட்கார்ந்து "அந்தக் கையில இருக்கு, அந்தக் கையில!" என்று கத்தப்போவது, நாலு வருடம் முன்பு அதே ஹாலில் வீறிட்டு அழுத பிள்ளைதான்.